பார்வதிபுரத்தில் ஓர் ஒத்திகை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே கால். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி வாசலில் பைக்கை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். அக்கா மகள் நீல நிற ஃபைல் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். ராத்திரி முழுக்கப் பிரசவ வார்டில் டியூட்டி. கண் சிவந்து கிடந்தது.

“அஞ்சு நார்மல், மூணு சிசேரியன் மாமா. ஒரு சாயா குடிச்சிட்டுப் போவோம். இல்லேன்னா அங்க போய்த் தூங்கி விழுந்திருவேன்.”

கடையில் சாயாவும் ரசவடையும் வாங்கினோம். சின்ன வயதில் எனக்கு இந்த இடம் காசநோய் ஆஸ்பத்திரி. பஸ் இந்தப் பக்கம் திரும்பினாலே பெரியவர்கள் மூக்கைப் பொத்தச் சொல்வார்கள். 2001-இல் இங்கே மருத்துவக் கல்லூரி வந்தது. எங்கள் குடும்பத்தின் முதல் டாக்டர் இதில் படித்துத்தான் வந்திருக்கிறாள். இன்னும் இரண்டு மாதத்தில் சி.ஆர்.ஆர்.ஐ. என்ற கட்டாயப் பயிற்சிக் காலம் முடிகிறது. அடுத்து ராணுவ மருத்துவப் பணிக்கு எழுதிப் போடப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். அக்கா மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நான்காம் நாள் எனக்குப் போன் வந்தது.

“பார்வதிபுரத்துல ஒரு ரிட்டயர்டு கர்னல் ஞாயித்துக்கிழமை இன்டர்வியூக்குச் சொல்லிக் குடுக்காராம். நீ ஒருக்கா கூடப் போய்ப் பாத்துட்டு வா. அங்க என்னதான் நடக்குன்னு எனக்குத் தெரியணும்.”

அதனால்தான் போனேன்.

பார்வதிபுரம் மேம்பாலத்தைத் தாண்டி ஒரு சந்தில் அந்த வீடு. முன்னால் இரண்டு தென்னை, ஒரு மாமரம். பெயர்ப் பலகை எதுவும் இல்லை. ராணுவ மருத்துவப் பிரிவில் லெப்டினன்ட் கர்னலாக இருந்து ஓய்வுபெற்றவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இது பயிற்சி மையம் அல்ல, கட்டணமும் கிடையாது. தெரிந்தவர் சொல்லி வருகிற பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று மணி நேரம் ஒதுக்குகிறார்.

முன்னறையில் ஒரு நீள மேசை. அதன் பின்னால் மூன்று நாற்காலி. ஆறடி தள்ளி எதிரே ஒற்றை நாற்காலி. மேசையின் நடுவில் கர்னல், வலப்பக்கம் ராணுவ நர்சிங் சர்வீஸில் மேஜராக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா, இடப்பக்கம் நாகர்கோவிலில் தொழில் செய்யும் மயக்க மருந்து நிபுணர் ஒருவர். அந்த அம்மாவை எல்லோரும் ‘மேடம்’ என்றுதான் அழைத்தார்கள். சுவரோரம் பெஞ்சில் எனக்கு இடம் கிடைத்தது.

அன்றைக்கு மூன்று பேர் வந்திருந்தார்கள். என் அக்கா மகள். குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு தடித்த பையன், எம்.பி.பி.எஸ். முடித்து ஒரு வருஷம் ஆகிறது. மூன்றாமவன் குளச்சல் கடற்கரைக்காரன். நீட் பி.ஜி. எழுதிவிட்டு ராணுவ மருத்துவமனைகளில் மேற்படிப்பு இடம் தேடுகிறவன்.

கேள்விக்கு முன்னால் கர்னல் எங்களுக்குப் பாதைகளை விளக்கினார். வெளியே இதைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அதனால் அவர் சொன்னதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

பிளஸ் டூ முடித்தவுடன் போகிற வழி புணேயிலுள்ள ஆயுதப் படைகள் மருத்துவக் கல்லூரி. 1948-இல் தொடங்கியது. நீட் மதிப்பெண்ணை வைத்து ஆளைக் கூப்பிட்டு, ஆங்கிலமும் தர்க்கமும் பார்க்கும் கணினித் தேர்வு, மனநிலைச் சோதனை, நேர்காணல், உடல் பரிசோதனை என்று சலித்து எடுப்பார்கள். அந்த வயதை இந்த மூன்று பேரும் தாண்டிவிட்டார்கள்.

இரண்டாவது, எம்.பி.பி.எஸ். முடித்தபின் குறுகிய காலப் பணிக்குப் போவது. அதிகபட்சம் 14 ஆண்டு. முதலில் ஐந்து, விரும்பினால் மேலும் ஒன்பது. தரைப்படையில் கேப்டனாகச் சேரலாம். விமானப்படையில் அதே நிலைக்குப் பெயர் ஃப்ளைட் லெப்டினன்ட், கடற்படையில் சர்ஜன் லெப்டினன்ட். 2024 அறிவிப்பில் 450 இடம். ஆண்களுக்கு 338, பெண்களுக்கு 112. எம்.பி.பி.எஸ். மட்டும் என்றால் 30 வயதுக்குள், மேற்படிப்பு முடித்திருந்தால் 35-க்குள் இருக்க வேண்டும். இறுதியாண்டுத் தேர்வை இரண்டு முயற்சிக்கு மேல் எழுதித் தேறியவர்கள் விண்ணப்பிக்கவே முடியாது. நீட் பி.ஜி. மதிப்பெண்ணை வைத்து நேர்காணலுக்கு ஆள் பிரிக்கிறார்கள். நேர்காணல் டெல்லி கன்டோன்மென்ட்டில் உள்ள ஆர்.ஆர். ராணுவ மருத்துவமனையில்.

மூன்றாவதுதான் குளச்சல்காரன் கேட்டு வந்தது. புணே கல்லூரி, டெல்லி ஆர்.ஆர்., பெங்களூர் விமானப்படைக் கமாண்டு மருத்துவமனை, லக்னோ, கொல்கத்தா, மும்பையில் கடற்படையின் அஸ்வினி என்று பல ராணுவ மருத்துவமனைகளில் எம்.டி., எம்.எஸ். இடங்கள் உண்டு. முதல் உரிமை பணியில் இருக்கும் ராணுவ மருத்துவர்களுக்கு. அவர்கள் எடுத்தது போக மீதிதான் வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு. அதில் ஒரு வகை, படிப்பு முடிந்ததும் ஐந்து ஆண்டு குறுகிய காலப் பணி செய்வேன் என்று கையெழுத்துப் போட்டுச் சேர்வது.

“மக்கா, இதை நல்லா மனசுல வச்சுக்கோ. சீட்டு கிடைக்குன்னு சேர்ந்துட்டு, பிறகு அஞ்சு வருஷம் எப்படா முடியும்னு நாள் எண்ணுனா நீயும் நாசமாப் போவ, உனக்க கையில வாற ஜவானும் நாசமாப் போவான்” என்றார் அவனிடம். அவன் தலையை ஆட்டினான். எனக்கு அந்த இடத்திலேயே இந்த மனிதர்மீது ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. இடம் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் ஊரெங்கும் இருக்கிறார்கள். பிடித்தபின் என்ன என்று யோசிக்கச் சொன்னவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

நேர்காணலுக்கு முன் உடம்பு. பின்கட்டில் ஓர் எடை மெஷின், சுவரில் அளவுகோல், கண் பார்வை அட்டை. உண்மையான பரிசோதனையில் ரத்தம், எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன் எல்லாம் இருக்கும். நேர்காணலில் தேறிவிட்டு, காதில் அழுக்கு அடைத்திருக்கிறது, மூல நோய் இருக்கிறது, எடை கூடுதல் என்று தற்காலிகமாக நிறுத்தப்பட்டு, அப்பீல் போர்டுக்கு அலைந்த பிள்ளைகளை அவர் பார்த்திருக்கிறார். எல்லாம் முன்கூட்டியே சரிசெய்யக்கூடியவை. டாக்டருக்குப் படித்தவர்கள்தான் தங்கள் உடம்பைக் கடைசியாகப் பார்க்கிறார்கள் என்று வருத்தப்பட்டார்.

குலசேகரம் பையன் 172 சென்டிமீட்டர், 91 கிலோ. அவன் கூனிக் குறுகி நின்றான். மேடம் அவன் தோளில் கை வைத்து, “மூணு மாசம் இருக்கு மோனே. ராத்திரி புரோட்டாவை விடு. காலையில ஓடு. முதல்ல நட, அப்புறம் ஓடு” என்றார். திட்டவில்லை, சிரிக்கவில்லை. ஒரு நோட்டில் அவன் எடையை எழுதித் தேதி போட்டார். அடுத்த ஞாயிறு மறுபடி எழுதுவார்.

முதலில் கூப்பிட்டது என் அக்கா மகளை. கதவைத் தட்டி, அனுமதி கேட்டு, உள்ளே வந்து, உட்காரச் சொல்லும்வரை நின்றாள். கேள்விகள் ஆங்கிலத்தில். உன்னைப் பற்றிச் சொல் என்றார் கர்னல். அவள் ஆரம்பித்தாள். பிறந்த ஊர், பள்ளி, மதிப்பெண், பொழுதுபோக்கு, தலைமைப் பண்பு. ஒன்றன்பின் ஒன்றாகத் தடையில்லாமல் வந்தது. ஒரு நிமிஷத்தில் கர்னல் கையைத் தூக்கினார்.

“எத்தனை தடவை கண்ணாடி முன்னாடி சொல்லிப் பாத்த?”

“இருபது தடவை இருக்கும் சார்.”

“தெரியுது. எனக்கு உனக்க குரலே கேக்கல்லை. அச்சடிச்ச காயிதம்தான் கேக்கு.”

அடுத்த கேள்வி: ஏன் ராணுவம்? நாட்டுக்குச் சேவை செய்ய வேண்டும் என்றாள். அப்படியென்றால் ஆசாரிபள்ளம் பிரசவ வார்டில் நேற்று ராத்திரி செய்தது யாருக்குச் சேவை என்று கேட்டார் மேடம். அவளிடம் பதில் இல்லை. சேலை நுனியை விரலில் சுற்றினாள். பெஞ்சில் இருந்த எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தப் பதில் பொய் இல்லை. ஆனால் அது அவளுடையதும் இல்லை. எதிரே இருந்த மூவருக்கும் அது உடனே தெரிந்துவிட்டது. டெல்லியில் இருப்பவர்களுக்குத் தெரியாமலா போகும்?

இந்தக் கேள்விக்குப் பிறகு வருவோம் என்று கர்னல் ஒதுக்கிவைத்தார். மயக்க மருந்து டாக்டர் வேறு பக்கம் திருப்பினார். நீ பார்த்ததில் உன்னைத் தூங்க விடாத நோயாளி யார்?

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு பால்வெட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவப் போனவர். சருகுக்குள் கையை வைத்ததும் விரலில் கடி. கூட வந்தவர்கள் பாம்பை அடித்து ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு சாண் சொச்சம், மண் நிறம், மூக்கு நுனி மேலே தூக்கிக்கொண்டிருக்கும் குழிவிரியன். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிஷம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்த்தாள். உறையவில்லை.

அடுத்து என்ன செய்தாய் என்று கர்னல் முன்னால் குனிந்தார்.

நம்மிடம் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும்தான். மேற்குத் தொடர்ச்சி மலை ரப்பர்க் காட்டில் இருக்கும் இந்த மூக்குத் தூக்கிய விரியனுக்கு அது வேலை செய்யாது. கொடுத்தால் ஒவ்வாமை வரக்கூடும், பயன் இருக்காது. அவள் அதைத் தன் சீனியரிடம் சொன்னாள். முதலில் நம்பவில்லை, டப்பாவைத் திறந்து காட்டியபின் துறைத் தலைவரைக் கூப்பிட்டார்கள். மருந்து வேண்டாம், சிறுநீரகத்தைக் காப்பாற்றுவோம் என்று முடிவானது. மூன்று நாள் மணிக்கு மணி மூத்திரம் அளந்து எழுதினாள். இரண்டாம் நாள் டயாலிசிஸ். ஐந்தாம் நாள் காலை அளவு கூட ஆரம்பித்தது. அவருடைய மனைவி ரப்பர்ப் பால் மணக்கும் கையால் இவள் கன்னத்தைத் தொட்டாராம்.

இதைச் சொன்னபோது அவள் ஆங்கிலம் இரண்டு மூன்று இடத்தில் தடுக்கியது. ஓரிடத்தில் தமிழே வந்துவிட்டது. ஆனால் சேலை நுனி விரலை விட்டுப் போயிருந்தது. கண் நேராகக் கர்னலைப் பார்த்தது.

“இதாம்ளா” என்றார் கர்னல். “இப்பத்தான் நீ உள்ள வந்திருக்க.”

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதுதான் பிரச்சினை என்று பிறகு அவர் எனக்கு விளக்கினார். பாடம் தெரியும். கையும் ஓடும். ஆனால் தான் செய்ததைச் சொன்னால் பீத்திக்கொள்வதாக ஆகிவிடும் என்று கூச்சம். அதனால் புத்தகத்தில் இருப்பதைச் சொல்லிவிட்டு, வார்டில் செய்ததை மறைத்துவிடுகிறார்கள். ஆங்கில உச்சரிப்பில் மலையாள வாடை அடிக்கிறதே என்று வேறு பயம். “அசாம்காரன், மணிப்பூர்க்காரன், பஞ்சாப்காரன் எல்லாரும் அவனவன் வாடையோடத்தான் வாறான். போர்டுக்கு அது கணக்கே இல்ல.”

மணிப்பூர் என்றதும் மேஜர் லைஷ்ராம் ஜோதின் சிங்கைப் பற்றிச் சொன்னார். 2010 பிப்ரவரி 26 அன்று காபூலில் இந்திய மருத்துவக் குழு தங்கியிருந்த விடுதியில் தாக்குதல். ஆயுதமில்லாத அந்த டாக்டர், உள்ளே நுழைந்த தற்கொலைத் தாக்குதல்காரனைக் கட்டிப்பிடித்து நிறுத்தி, தோழர்களைக் காப்பாற்றி, தான் இறந்துபோனார். அசோக சக்ரா கிடைத்தது. கர்னல் சொல்லி முடித்தபின் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மேடம் தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

அடுத்து ஒரு சூழல் கேள்வி. ஆரல்வாய்மொழிக் கணவாயில் பஸ் கவிழ்ந்துவிட்டது. பன்னிரண்டு பேர் கிடக்கிறார்கள். நீ ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ், ஒரே ஆம்புலன்ஸ். யாரை முதலில் தொடுவாய்? குலசேகரம் பையன் சத்தம் போட்டு அலறுகிறவரிடம் ஓடுவேன் என்றான். அலறுகிறவனுக்கு மூச்சு இருக்கிறது மோனே, சத்தமில்லாமல் கிடப்பவனைப் பார் என்றார் மேடம். உடனே கை வைத்தால் பிழைப்பவர், கொஞ்சம் காத்திருக்கக்கூடியவர், நடக்கக்கூடியவர், கை வைத்தும் பயனில்லாதவர் என்று நாலாகப் பிரிக்கும் முறையை அவர்கள் புத்தகத்தில் படித்தவர்கள்தான். ஆனால் கடைசி வகையை ஒருவன் வாயால் சொல்ல வேண்டி வரும்போது முகம் எப்படி மாறுகிறது என்று மேசைக்குப் பின்னால் இருந்த மூவரும் உற்றுப் பார்த்தார்கள். குளச்சல்காரன் அதைச் சொல்லும்போது குரல் இறங்கியது. அவனுக்கு அதில் நல்ல மதிப்பெண் கொடுத்தார்கள்.

மேடம் என் அக்கா மகளிடம் கேட்ட கேள்வியை நான் மறக்க மாட்டேன். ஓர் எல்லை யூனிட். முந்நூறு ஜவான்கள். நீ ஒருத்திதான் டாக்டர். காலையில் எம்.ஐ. ரூமில், அதாவது யூனிட்டின் மருத்துவ அறையில், சிக் ரிப்போர்ட். இருபது வயசுப் பையன் ஒருவன் வயிற்றுவலி என்று தினமும் வருகிறான், வயிற்றில் ஒன்றுமில்லை. வேறு ஏதோ இருக்கிறது, பெண் டாக்டரிடம் சொல்ல வெட்கப்படுகிறான். எப்படிப் பேச வைப்பாய்? இவள் தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பேன், ஆண் நர்சிங் உதவியாளரை வைத்துக்கொள்வேன் என்றெல்லாம் சொன்னாள். சரிதான், ஆனால் முதலில் அவன் ஊர் எது, அம்மா என்ன செய்கிறாள் என்று கேள் என்றார் மேடம். “நோயைக் கேட்டா அவன் டாக்டர்கிட்டப் பேசுவான். ஊரைக் கேட்டா மனுஷிகிட்டப் பேசுவான்.” இந்தியாவின் பல மூலைகளில் வேலை பார்த்த பெண்ணின் சொல் அது.

குளச்சல்காரனுக்கு மலை கிடைத்தது. பதினேழாயிரம் அடி உயரத்தில் ஒரு காவல் நிலை. கீழிருந்து வந்து இரண்டு நாளான சிப்பாய்க்கு இரவில் மூச்சு வாங்குகிறது, இருமலில் நுரை வருகிறது. கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்த பையன் கடகடவென்று சொன்னான்: உயரத்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, முதல் மருந்து கீழே இறக்குவது, ஆக்சிஜன், நிஃபெடிபின். ஹெலிகாப்டர் வர முடியாவிட்டால்? காற்றழுத்தப் பைக்குள் படுக்கவைத்துப் பொழுது விடியும்வரை தாக்குப்பிடிப்பது. புத்தி பேதலித்தால் மூளையிலும் வீக்கம், டெக்சாமெத்தசோன். 

எல்லாம் சரி, உன் ஊர்ப் பக்கத்தில் உயரமான மலை ஏறிய டாக்டர் ஒருவர் இருந்தாரே, தெரியுமா என்றார் கர்னல். அவனுக்குத் தெரியவில்லை. நெய்யூர் அவன் ஊரிலிருந்து கூப்பிடு தூரம்.

ஹோவர்ட் சோமர்வெல். பழைய ஆட்கள் நெய்யூரில் சோமர்வெல் டாக்டர் என்பார்கள். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவப் பிரிவில் கேப்டன். 1916 ஜூலையில் பிரான்சில் சோம் நதிப் போர்முனைக்குப் பின்னால், ஏக்கர் கணக்கில் ஸ்ட்ரெச்சர்களில் கிடந்த காயம்பட்டவர்கள் நடுவே, யாரை மேசைக்குத் தூக்குவது என்று தேர்ந்தெடுத்தவர்களில் ஒருவர். அதற்குப் பிறகு போரையே வெறுத்தார். 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போனவர், திரும்பும் வழியில் தென்திருவிதாங்கூரைச் சுற்றிப் பார்க்க வந்தார். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் கூட்டமாகக் காத்திருப்பதையும், வேலைப் பளுவில் ஓய்ந்துபோன ஒற்றை டாக்டரையும் பார்த்தார். லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு இங்கேயே வேலை செய்ய முடிவெடுத்தார். 1924-இல் மறுபடி எவரெஸ்ட். ஆக்சிஜன் உதவி இல்லாமல் சுமார் 28,000 அடி. இறங்கும்போது குளிரில் செத்துப்போன தொண்டைச் சவ்வு கழன்று மூச்சுக்குழலை அடைத்தது. பனியில் உட்கார்ந்துவிட்டார். கடைசி முயற்சியாக இரண்டு கையாலும் தன் மார்பை அழுத்தி, அதைத் துப்பி வெளியேற்றி, உயிரோடு இறங்கினார். பிறகு இருபது ஆண்டுக்கு மேல் நெய்யூரில் கத்தி பிடித்தார். அதன்பின் வேலூர்.

“போரை வெறுத்தவரைப் பத்தி ராணுவ இன்டர்வியூல எதுக்குச் சொல்லணும் சார்?” என்று குலசேகரம் பையன் கேட்டான். நல்ல கேள்வி.

“காயம்பட்டவனைப் பாத்தவனுக்குப் போர் பிடிக்காது மக்கா. பிடிக்கவும் கூடாது. நாம சண்டைக்குப் போறவங்க இல்ல. சண்டையில விழுந்தவனைத் தூக்கப் போறவங்க. அதுக்குத்தான் உன்னை எடுக்காவ.”

பதினொன்றரைக்கு முடிந்தது. வேண்டிய சான்றிதழ்களின் பட்டியலை எழுதிக்கொடுத்தார். பத்தாம் வகுப்புச் சான்று, எல்லா ஆண்டு மதிப்பெண் பட்டியல், முயற்சிச் சான்று, பயிற்சி நிறைவுச் சான்று, கவுன்சில் பதிவு. முயற்சிச் சான்றைக் கடைசி நேரத்தில் தேடுகிறவர்கள் அதிகம், நாளைக்கே அலுவலகத்தில் எழுதிக் கொடு என்றார். டெல்லிக்கு விமானம் வேண்டாம், திருக்குறள் எக்ஸ்பிரஸில் போ, இரண்டு நாள் படுத்துக்கொண்டு படிக்கலாம், முதல் தடவை வருகிறவர்களுக்கு ரயில் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்றார். தேர்வானால் முதலில் லக்னோ, அங்கே ராணுவ மருத்துவப் பிரிவின் மையத்தில் அடிப்படைப் பயிற்சி.

தக்கலையில் அக்கா வீட்டுக்குப் போகுமுன் அவளை எதிர்த்திசையில் கூட்டிப்போனேன். வடசேரி வழியாக கேதரின் பூத் மருத்துவமனை. எங்கள் ஊரில் சால்வேஷன் ஆர்மி ஆஸ்பத்திரி என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வளாகம் ஓய்ந்திருந்தது. வேப்பமர நிழலில் நின்று அவளுக்கு ஹாரி ஆண்ட்ரூஸின் கதையைச் சொன்னேன். கர்னல் சொல்லாமல் விட்டது, நான் வெகு காலமாகச் சேர்த்துவைத்தது.

சால்வேஷன் ஆர்மி என்ற இரட்சணிய சேனையை நிறுவிய வில்லியம் பூத்தின் மகள் எம்மா வளர்த்த பிள்ளை ஆண்ட்ரூஸ். சிறு வயதிலேயே இந்தியா வந்தவர். 1890-களில் நாகர்கோவிலுக்கு அனுப்பப்பட்டபோது டாக்டர் பட்டம் கிடையாது. ஊரில் நோயும் சாவும். வீட்டுக் குளியலறையில் மருந்துப் புட்டிகளை அடுக்கி வைத்து வந்தவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். இந்தப் பெரிய மருத்துவமனையின் வேர் அந்தக் குளியலறை. பின்னால் முறைப்படி மருத்துவம் படித்தார். வட இந்தியாவுக்குப் போனார். முதல் உலகப் போருக்குப் பிறகு, ராணுவ மருத்துவ அதிகாரியாக வஜீரிஸ்தானில் கஜூரி காவல் நிலையில் இருந்தார். 1919 அக்டோபர் 22. பக்கத்தில் ஒரு வாகன வரிசை தாக்கப்பட்டதாகச் செய்தி. குண்டு மழையில் போய் உதவிக்கூடம் போட்டார். காயம்பட்டவர்களுக்கு மறைவு கிடைத்த இடம் அது, அவருக்குக் கிடைக்கவில்லை. அங்கிருந்தும் நகர வேண்டி வந்தது. பிறகு ஒரு ஃபோர்டு வண்டி கிடைத்ததும் ஒவ்வொருவராகத் தூக்கி ஏற்றினார். எல்லோரும் ஏறிய பிறகு தான் ஏறக் காலை வைத்தபோது குண்டு பட்டது. அடுத்த ஆண்டு விக்டோரியா கிராஸ் அறிவித்தார்கள்.

அக்கா மகள் ஒன்றும் பேசவில்லை. ஒரு நிமிஷம் கழித்து, “அவருக்கு அப்ப ஐம்பது வயசு பக்கம் இருக்கும் இல்லையா மாமா?” என்றாள். ஆமாம், ஏறக்குறைய என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

தக்கலை போகும் வழியில் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டை வந்தது. 1741-இல் குளச்சலில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டச்சுப் படை அதிகாரி டி லனாய் உள்ளே அடங்கியிருக்கிறார். பட்டாளம் என்பது இந்த மாவட்டத்துக்குப் புதிய சங்கதி அல்ல. தெருவுக்கு இரண்டு எக்ஸ் மிலிட்டரி வீடுகள். ஆனால் வீட்டுப் பெண் போகிறேன் என்றால் மட்டும் அம்மாக்களுக்கு இன்னும் நெஞ்சு அடைக்கிறது. 2024 அக்டோபரில் ஆயுதப் படைகளின் மருத்துவச் சேவை முழுவதற்கும் தலைமை இயக்குநராக ஆர்த்தி சரின் என்ற பெண் பொறுப்பேற்றார், முதல் பெண். இதை அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் வைத்துக்கொண்டே போனேன்.

மத்தியானம் அக்கா வீட்டில் மரச்சீனியும் மீன் கறியும். ஆர்த்தி சரினைப் பற்றிச் சொன்னேன். “அவ்வோ பெரிய ஆளு. எனக்க பிள்ளை சின்னப் பிள்ளை” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். பிறகு காலையில் நடந்ததைச் சொன்னேன். ஏன் ராணுவம் என்ற கேள்விக்கு இவள் திணறியதையும் சொன்னேன். அக்கா கறிச் சட்டியைக் கீழே வைத்தாள்.

“அதுக்குப் பதில் தெரியலியா இவளுக்கு? ஒக்கி அடிச்சப்ப இவ பிளஸ் டூ. மறந்துட்டியாளா?”

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயலில் மரமும் கம்பமும் விழுந்து, நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, ரோடு இல்லை, மருந்துக்கடை இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு தாத்தா. பட்டாளத்தில் நர்சிங் அசிஸ்டென்ட்டாக இருந்து ஓய்வுபெற்றவர். எழுபதைத் தாண்டியவர். மழையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு டின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தெருத் தெருவாகப் போனார். ஓடு விழுந்து மண்டை உடைந்தவர்களுக்குக் கட்டுப் போட்டார். இன்சுலின் இல்லாதவர்களுக்கு யார் வீட்டில் மிச்சம் இருக்கிறது என்று கேட்டு வாங்கிக் கொடுத்தார். விழுந்த பலா மரத்தில் ஏறி அப்புறம் இறங்கிப் போக வேண்டியிருந்தது. டார்ச் பிடிக்க ஆள் வேண்டும் என்றார். இவள் போனாள்.

“மூணு ராத்திரி அவருக்க பின்னால டார்ச்சுப் பிடிச்சிட்டு நடந்தா. வந்து படுக்கும்போது என்ன சொன்னா தெரியுமா? தாத்தாவுக்கு எங்க யாருக்கு என்ன வேணும்னு எப்படிம்மா தெரியுதுன்னு கேட்டா. பட்டாளத்துல படிச்சதுன்னு நான்தான் சொன்னேன். நான் சொன்ன வார்த்தை, இப்ப எனக்க தலையில விழுந்திருக்கு.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தத் தாத்தா இப்போது இல்லை. அக்கா மகள் தட்டில் இருந்த மரச்சீனியை விரலால் பிசைந்துகொண்டே இருந்தாள். அதை யாரிடமாவது சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லையாம். சும்மா டார்ச்தானே மாமா பிடித்தேன் என்றாள்.

திரும்பும்போது நெய்யூர் வழியாகச் சுற்றி வந்தோம். சி.எஸ்.ஐ. மிஷன் மருத்துவமனை வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். உள்ளே போகவில்லை. வெளியே நின்று பார்த்தாள். ஒரு அம்மா பிளாஸ்கில் கஞ்சி வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். 1838-இல் ராம்சே என்ற டாக்டர் இங்கே தொடங்கிய வேலை இன்னும் நடக்கிறது.

ஆசாரிபள்ளத்தில் இறக்கிவிடும்போது மணி ஆறே கால். ஏழரைக்கு மறுபடி டியூட்டி. ஃபைலை என்னிடமே கொடுத்தாள். அதிலிருந்த, கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்த தாளை மட்டும் உருவி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை டியூட்டி இல்ல. எட்டு மணிக்கு வந்துருங்க. நாளைக்கு ஈ.என்.டி. ஓ.பி.ல காது காட்டணும், இடது காதுல அழுக்கு இருக்கும்போலத் தோணுது. அம்மாகிட்டச் சாப்பிட்டேன்னு சொல்லிருங்க.”

விடுதிப் பக்கம் வேகமாக நடந்து போனாள்.